மூன்றா, ஐந்தா, எட்டா? ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வீச்சுப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். எவ்வளவு கதிர், எந்தக் கோணத்திலிருந்து, எங்கே விழவேண்டும் என்று கணினியில் திட்டம் போடுவதுதான் என் வேலை. நோயாளிக்கு விளக்கம் சொல்வது டாக்டரின் பொறுப்பு. ஆனால் வெளியே வரிசை நாற்காலியில் காத்திருப்பவர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் யாரையும் சும்மா விடமாட்டார்கள். "சார், பக்கத்துல இருக்கிறவருக்கு முப்பது சிட்டிங்காம். எங்க அப்பாவுக்கு மூணுதான் எழுதியிருக்காங்க. ஏன் சார்?" என்பதுதான் அதிகம் கேட்ட கேள்வி. அதற்கும் அதைச் சுற்றி வரும் மற்றக் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இங்கே பேசுவது ஒரு வகை நோயைப் பற்றி மட்டும்: ஸ்மால் செல் அல்லாத நுரையீரல் புற்றுநோய், நிணநீர் முடிச்சுக்குப் போகாதது, கட்டி பெரும்பாலும் 5 செ.மீ.க்குள் இருப்பது. முடிச்சுக்குப் பரவியிருந்தால் கதையே வேறு. அந்த 'முப்பது சிட்டிங்' பக்கத்து நாற்காலிக்காரர் பெரும்பாலும் அந்த ரகம்.

'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, ஷாக் அடிக்குமா?

அடிக்காது. ஊரில் எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள், நாங்களும் திருத்துவதை விட்டுவிட்டோம். உடம்புக்குள் போவது மின்சாரம் இல்லை, உயர் ஆற்றல் எக்ஸ்ரே. லீனாக் என்ற இயந்திரம் அதை உண்டாக்குகிறது. சுவிட்சை அணைத்ததும் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கிரே, சிட்டிங் என்றால் என்ன?

ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் அது 1 கிரே. ஒருமுறை மேஜையில் படுத்து வாங்கிக்கொள்வது ஒரு சிட்டிங். '54/3' என்று கோப்பில் இருந்தால் மொத்தம் 54 கிரே, 3 சிட்டிங், ஒவ்வொன்றிலும் 18 கிரே என்று பொருள்.

18 கிரே பெரிய அளவு என்பதால் உள்ளே வெந்துபோகுமோ என்று பயப்படுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு: கிலோவுக்கு 18 ஜூல் என்பது தண்ணீரை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூடச் சூடாக்காது. ஒரு மிடறு காப்பி அதைவிடச் சூடு. கதிர் செல்லைக் கொல்வது வெப்பத்தால் அல்ல, டி.என்.ஏ. இழைகளை அறுப்பதால்.

என்னென்ன அட்டவணைகள் வழக்கத்தில் இருக்கின்றன?

பழைய வழி, நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 முதல் 33 நாள், ஆறு வாரமோ அதற்குக் கொஞ்சம் மேலோ. அதைக் கொஞ்சம் சுருக்கினால் 55 கிரே 20 சிட்டிங்கில், அல்லது 60 கிரே 15 சிட்டிங்கில். அப்புறம் எஸ்.பி.ஆர்.டி. ஒரே குறியில் பல கோணங்களிலிருந்து கதிரைக் குவித்து, ஒவ்வொரு சிட்டிங்கிலும் மிகப் பெரிய அளவைக் கொடுக்கும் முறை இது. இதில் 34/1, 54/3, 48/4, 50/5, 60/5, 60/8 ஆகியவைதான் அதிகம் கண்ணில் படும். பத்து சிட்டிங்கில் 70 கிரே கொடுப்பவர்களும் உண்டு.

தலைக்குள் இருக்கும் கட்டியை இப்படித் துல்லியமாகச் சுடுவது 1950களிலேயே சுவீடனில் லார்ஸ் லெக்செல் தொடங்கிவைத்த வேலை. மண்டையை ஒரு சட்டத்தில் பூட்டி நிறுத்த முடிந்தது, அதனால் சாத்தியமானது. நெஞ்சைப் பூட்ட முடியுமா? மூச்சு விடவேண்டுமே. 1990களில் அதே ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவமனையின் இங்மார் லாக்ஸும் ஹென்ரிக் புளோம்கிரனும் உடம்புக்கான சட்டம் ஒன்றைச் செய்து நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இதைக் கொண்டுவந்தார்கள்.

60 கிரே 54ஐ விடப் பெரியதுதானே? அப்போது அதுதானே வலுவான சிகிச்சை?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இரண்டு 54ஐப் பாருங்கள். 1990களில் இங்கிலாந்தில் சார்ட் என்று ஒரு முறையைச் சோதித்தார்கள். நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 1.5 கிரே, சனி ஞாயிறு உட்பட 12 நாள் விடாமல் 36 சிட்டிங். மொத்தம் 54 கிரே. அமெரிக்காவில் இன்று எஸ்.பி.ஆர்.டி.யில் கொடுப்பதும் 54 கிரேதான், ஆனால் மூன்றே சிட்டிங்கில். இரண்டும் ஒன்றா? கிட்டக்கூட வராது.

சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஐப்பசி முழுக்க விட்டு விட்டுப் பெய்யும் 30 செ.மீ. மழையும் ஒரே ராத்திரியில் கொட்டும் 30 செ.மீ. மழையும் மழைமானிக்கு ஒன்றுதான். 2015 டிசம்பருக்குப் பிறகு வீட்டுக்குள் சேறு அள்ளியவர்களுக்கு ஒன்றில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் செல்கள் இடைவெளியில் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. ஒரேயடியாகக் கொடுத்தால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. புற்றுச் செல்லுக்கும் இதே விதி, பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவுக்கும் இதே விதி. பெரிய அளவின் லாபமும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

அப்படியென்றால் இரண்டு அட்டவணையை எப்படித்தான் ஒப்பிடுவது?

நாங்கள் பி.இ.டி. என்ற கணக்கைப் பயன்படுத்துகிறோம், 'உயிரியல் விளைவளவு' என்று சொல்லலாம். சிட்டிங் அளவை 10ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, மொத்த கிரேயால் பெருக்கினால் கட்டிமேல் விழும் விளைவு கிடைக்கும். அந்த 10 கட்டிக்கான எண். நிதானமாகத் தலைகாட்டும் பக்கவிளைவுகளுக்கு 10க்குப் பதில் 3 போடுவோம்.

போட்டுப் பாருங்கள். 54/3க்கு 18ஐ 10ஆல் வகுத்தால் 1.8, ஒன்றைக் கூட்டினால் 2.8, 54ஆல் பெருக்கினால் 151. 36 சிட்டிங் சார்ட்டுக்கு இதே கணக்கு 62 தருகிறது. 48/4க்கு 106, 50/5க்குச் சரியாக 100, 60/8க்கு 105. 15 சிட்டிங்கில் 60 கிரே என்றால் 84. பழைய 30 சிட்டிங் 60 கிரே வெறும் 72. ஒற்றைச் சிட்டிங் 34 கிரே மொத்தத்தில் எல்லாவற்றையும்விடச் சின்ன எண், விளைவில் 150.

ஜப்பானின் ஒனிஷியும் சக மருத்துவர்களும் 14 மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 257 பேரின் விவரங்களைத் திரட்டி 2007இல் வெளியிட்டார்கள். பி.இ.டி. 100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 8.4 விழுக்காட்டினருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. 100க்குக் கீழே 42.9 விழுக்காடு. 'நூறைத் தொடு' என்பது எங்கள் துறையில் எழுதாத சட்டம் ஆனது அதற்குப் பிறகுதான்.

சரி, 100 நல்லது என்றால் 151 இன்னும் நல்லதா? அப்படி நிரூபணமாகவில்லை. தவிர, இந்தச் சூத்திரம் சின்னச் சின்னச் சிட்டிங்குகளுக்காகப் பிறந்தது. 18, 34 கிரே போன்ற பெரிய அளவுகளில் அது எவ்வளவு சரி என்று இன்னும் விவாதம் நடக்கிறது. நான் அதைக் கடை தராசாகத்தான் பார்க்கிறேன், தங்கம் நிறுக்கும் தராசாக இல்லை.

இப்போது 10க்குப் பதில் 3 போடுங்கள். 60/30க்கு 100 வரும், 60/8க்கு 210, 54/3க்கு 378. கதிர் படக்கூடாத ஒரு மூச்சுக்குழாய்க் கிளை இந்த முழு அளவையும் வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் எண்கள் இவை. அடுத்த கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று சிட்டிங்கில் முடிகிற வேலையை ஏன் சிலருக்கு எட்டாக்குகிறார்கள்? நோய் முற்றிவிட்டதா?

இல்லை. முக்கால்வாசி நேரம் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான். நோயின் தீவிரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 'எட்டு எழுதிட்டாங்களே' என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து நின்ற மகள்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நுரையீரலை ஒரு மரமாக நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் இருக்கும் கட்டி இலை நுனியில் இருப்பது போல. சுற்றியிருக்கும் நாலு இலை கருகினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நடுவில், அடிமரத்தை ஒட்டி இருந்தால்? அங்கே மூச்சுக்குழாயும் அதன் பெரிய கிளைகளும் உணவுக்குழாயும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. கிளை ஒன்று சுருங்கினால் அதற்கு அப்பால் உள்ள பகுதி முழுக்கக் காற்றில்லாமல் போகும். குழாய்ச் சுவர் அரித்தால் ரத்தக் கசிவு.

இது அனுபவத்தில் கற்ற பாடம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 70 பேருக்கு 3 சிட்டிங்கில் 60 முதல் 66 கிரே கொடுத்தார்கள். டிமர்மன் குழு 2006இல் முடிவைச் சொன்னது. கட்டி விளிம்பில் இருந்தவர்களில் 83 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டில் கடுமையான பாதிப்பு எதுவும் இல்லாமல் இருந்தார்கள், நடுவில் இருந்தவர்களில் 54 விழுக்காட்டினர் மட்டுமே. 2009இல் வந்த தொடர்ச்சி அறிக்கையில் வித்தியாசம் கொஞ்சம் மங்கியது. ஆனால் அதற்குள் பெரிய மூச்சுக்குழாய்களைச் சுற்றி 2 செ.மீ. 'விமானம் பறக்கத் தடை' வட்டாரம் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு இதை நடைமுறை ஏற்பாடாக மாற்றியது. எல்லோருக்கும் மொத்தம் 60 கிரே. சுற்றிலும் வெறும் நுரையீரல் என்றால் 3 சிட்டிங், நெஞ்சுச் சுவரைத் தொட்டால் 5, இதயம் அல்லது மூச்சுக்குழாய் பக்கம் என்றால் 8. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. அட்டவணையைக் கட்டியின் முகவரி பார்த்து எழுதுகிறார்கள்.

நடுப்பகுதிக் கட்டிகளுக்கு 5 சிட்டிங் போதுமா என்று அமெரிக்காவில் ஆர்.டி.ஓ.ஜி. 0813 என்ற ஆய்வு பார்த்தது. சிட்டிங்குக்கு 10 கிரேயில் தொடங்கி அரை அரையாக ஏற்றி 12 வரை போனார்கள். 2019இல் வந்த முடிவு, 12 வரை தாங்குகிறது என்பது. ஆனாலும் சிலருக்கு நாள் கழித்து வந்த ரத்தக் கசிவு உயிரையே எடுத்தது.

மூச்சுக்குழாயை முட்டிக்கொண்டே இருக்கும் கட்டிகளில் கவனம் இன்னும் கூடவேண்டும். வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்திய ஹிலஸ் ஆய்வில், பெரிய குழாய்களிலிருந்து 1 செ.மீ.க்குள் கட்டி இருந்த 65 பேருக்கு 8 சிட்டிங்கில் 56 கிரே. பி.இ.டி. 95தான், நூறுகூட இல்லை. ஆனாலும் 10 பேரின் மரணத்துக்குச் சிகிச்சை காரணமாக இருந்திருக்கலாம் என்று பதிவானது, அதில் 8 பேருக்கு ரத்தக் கசிவு. 2021இல் இது வெளியானபோது எங்கள் துறையில் பலரும் பழைய திட்டங்களைத் திறந்து பார்த்தோம்.

பிறகு கனடாவின் சன்செட் ஆய்வு, அதே மாதிரி இடம், 30 பேர், 8 சிட்டிங்கில் 60 கிரே. அதாவது இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் பாதிப்பு குறைவு. எப்படி? ஹிலஸில் கட்டியின் ஓரத்தில் 56 என்றால் உள்ளே ஒன்றரை மடங்கு வரை ஏற அனுமதி இருந்தது. சன்செட்டில் உச்ச வரம்பு 120 விழுக்காடு. அட்டவணையில் இரண்டுமே '8 சிட்டிங்', உள்ளே எவ்வளவு 'சூடு' என்பதில்தான் வித்தியாசம். கோப்பின் முதல் வரியை மட்டும் பார்த்து இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரு இடத்தில் 60/3 என்றும் இன்னொரு இடத்தில் 54/3 என்றும் எழுதியிருக்கிறது. யாரோ தப்பு செய்கிறார்களா?

இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அறுவைக்குத் தாங்காதவர்களில் எஸ்.பி.ஆர்.டி.யை நிலைநாட்டியது ஆர்.டி.ஓ.ஜி. 0236. 2010இல் வந்த முடிவில் 55 பேர், மூன்று ஆண்டில் குறிவைத்த கட்டி 97.6 விழுக்காடு அடங்கியிருந்தது. அந்த ஆய்வில் எழுதியது 60/3. ஆனால் அன்றைய கணக்கு நுரையீரலையும் தண்ணீர்ப் பையாக நினைத்துப் போட்டது. உள்ளே காற்று இருப்பதைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது நோயாளிகள் வாங்கியது 54 கிரே என்று தெரிந்தது. கொடுத்தது மாறவில்லை, எண்தான் திருந்தியது.

48/4இலும் இப்படி ஒரு சிக்கு உண்டு. ஜப்பானின் ஜே.சி.ஓ.ஜி. 0403 ஆய்வில் 48 என்பது கட்டியின் மையப் புள்ளியில் விழும் அளவு. அமெரிக்க ஆய்வுகளில் அது குறிவைத்த பகுதியின் ஓரத்தில் விழும் அளவு. ஓரத்தில் 48 என்றால் மையத்தில் அதற்கு மேல்தான் இருக்கும். எண் ஒன்று, சிகிச்சை இரண்டு.

இதே 0236 பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டி அடங்கியது 97.6 விழுக்காடு, மூன்று ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 55.8 விழுக்காடு. சிலருக்கு நோய் வேறு இடத்தில் கிளம்பியது. பலரும் ஏற்கெனவே நுரையீரலும் இதயமும் நொந்தவர்கள். 'கன்ட்ரோல்' என்று டாக்டர் சொல்லும் எண்ணும் ஆயுள் பற்றிய எண்ணும் வேறு வேறு. எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி விலா எலும்பை ஒட்டி இருக்கிறது. எத்தனை சிட்டிங் நல்லது?

பெரும்பாலும் 4 அல்லது 5. விலாவும் அதன் அடியில் ஓடும் நரம்பும் பெரிய அளவை மன்னிப்பதில்லை. சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து நெஞ்சுச் சுவரில் வலி வரலாம், சிலருக்கு விலாவில் விரிசல் விழலாம். திட்டம் போடும்போது நெஞ்சுச் சுவரில் 30 கிரேக்கு மேல் வாங்கும் பகுதி 30 கன செ.மீ.க்குள் இருக்கும்படி பார்ப்போம். சில சமயம் முடியாது, கட்டியே அங்கே குடியிருக்கும். அப்போது கட்டிக்குப் போவதைக் குறைக்காமல், வலி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் சரி என்பது என் கருத்து. வலி பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்கும். நோய் திரும்பினால் மாத்திரை இல்லை.

ஒரே சிட்டிங்கில் முடிக்கலாமாமே?

முடிக்கலாம், எல்லோருக்கும் இல்லை. ஆர்.டி.ஓ.ஜி. 0915 ஆய்வு, விளிம்பில் கட்டி உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 34/1, இன்னொரு பக்கம் 48/4 கொடுத்தது. ஓராண்டுக்குள் கடுமையான பாதிப்பு ஒற்றைச் சிட்டிங்கில் 10.3 விழுக்காடு, நான்கில் 13.3. ஓராண்டில் கட்டி அடங்கியது 97.0, 92.7. இதுவரை ஒற்றைதான் முன்னால் ஓடுகிறது. ஆனால் இரண்டு ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 61.3, 77.7. சிகிச்சைக்கு ஏற்றவர்களாக எடுத்துக்கொண்டவர்கள் மொத்தமே 84 பேர், ஆயுளை ஒப்பிட அந்த எண்ணிக்கை போதாது. நியூயார்க் மாநிலத்தின் ராஸ்வெல் பார்க் மருத்துவமனை முன்னின்று 98 பேரிடம் 30/1ஐயும் 60/3ஐயும் ஒப்பிட்டது. 2019இல் வந்த முடிவில் பாதிப்பு இரண்டிலும் ஏறக்குறைய சமம்.

நான் திட்டம் போட்டால், சின்னக் கட்டி, விலாவிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் தள்ளி, மூச்சு அசைவு குறைவு என்ற மூன்றும் ஒத்துவந்தால் ஒற்றைக்குத் தயங்கமாட்டேன். வேறு ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வரும் 78 வயதுக்காரருக்கு நாலு தடவைக்கும் ஒரு தடவைக்கும் உள்ள வித்தியாசம் பட்டியலில் வராது. அதேசமயம், ஒற்றையில் இலக்கு தவறினால் அடுத்த சிட்டிங்கில் சரிக்கட்ட வழியே இல்லை. மேஜையில் ஏற்றுமுன் இரண்டுக்கு மூன்று முறை படம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

எங்கள் ஊரில் எஸ்.பி.ஆர்.டி. இல்லை. 15 அல்லது 20 சிட்டிங் எடுத்தால் மோசமா?

நியாயமான கேள்வி, ஒற்றை வரியில் பதில் இல்லை. மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

ஸ்காண்டிநேவியாவின் ஸ்பேஸ் ஆய்வு, 102 பேர், 66/3ஐ 70/35ஓடு ஒப்பிட்டது. நோய்க் கட்டுப்பாட்டிலும் ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எஸ்.பி.ஆர்.டி. பக்கம் தொந்தரவு குறைவு, ஏழு வார அலைச்சலும் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் சிசல் ஆய்வு, 101 பேர், 54/3 அல்லது 48/4ஐ 66/33 அல்லது 50/20ஓடு ஒப்பிட்டது. அதே இடத்தில் நோய் திரும்பியது எஸ்.பி.ஆர்.டி.யில் 14 விழுக்காடு, மற்றதில் 31. ஆயுளும் கூடியது. மூன்றாவது கனடாவின் லஸ்டர், 233 பேர். இதில் எதிர்ப்பக்கம் பழைய ஆறு வாரம் இல்லை, நவீன முறையில் கொடுத்த 60/15. மூன்று ஆண்டில் கட்டி அடங்கியது எஸ்.பி.ஆர்.டி.யில் 87.6 விழுக்காடு, 60/15இல் 81.2, புள்ளியியல் கணக்கில் அந்த இடைவெளி உறுதியாகவில்லை.

நான் இதை இப்படிப் படிக்கிறேன். எஸ்.பி.ஆர்.டி. கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, அதற்காக இன்னொரு ஊருக்குப் போவதும் நியாயம். போகவே முடியாதவருக்கு, மூச்சசைவைக் கணக்கில் எடுத்து ஒழுங்காகப் போட்ட 60/15 இரண்டாந்தரம் என்று நான் சொல்லமாட்டேன். நாளுக்கு 2 கிரே என்று ஆறு வாரம் இழுப்பதுதான் இந்தக் கட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாதது. மூன்று நான்கு வாரம் தாண்டினால் தப்பிப் பிழைத்த புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. பாதிப் பாத்திரம் கழுவுவதற்குள் அடுத்த பந்தி உட்கார்ந்துவிடும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏன்? நடுவில் ஒரு சிட்டிங் விட்டுப்போனால்?

பெரிய அளவுக்குப் பிறகு நல்ல திசு தன்னைத் தேற்றிக்கொள்ள நேரம் வேண்டும். 0236 ஆய்வில் இரண்டு சிட்டிங்குக்கு இடையே குறைந்தது 40 மணி நேரம் என்று விதி வைத்தார்கள். இயந்திரம் பழுதாகி ஒரு நாள் தள்ளிப்போனால் கவலை வேண்டாம், அடுத்த வேலைநாளில் தொடர்வார்கள். கல்யாணம், காதுகுத்து என்று நீங்களாக ஒரு வாரம் தள்ளிப்போடுவது வேறு. அதை டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

நுரையீரலில் ஏற்கெனவே தழும்பு இருக்கிறது என்றார்கள். அட்டவணை மாறுமா?

எந்தத் தழும்பு என்பதைப் பொறுத்தது. பழைய டி.பி. விட்டுப்போன வடு என்றால் பெரும்பாலும் சிகிச்சைக்குத் தடையில்லை. ஆனால் நம் ஊரில் டி.பி. அதிகம் என்பதால், பெட் ஸ்கேனில் (மேலே சொன்ன பி.இ.டி. கணக்கு வேறு, இது சுறுசுறுப்பான செல்களைக் காட்டும் படம்) பளிச்சென்று தெரியும் எல்லாமே புற்று இல்லை. முடிந்தவரை ஊசி போட்டுத் திசு எடுத்து உறுதிசெய்த பிறகே தொடங்குவது நல்லது.

நுரையீரல் நார்த்தடிப்பு நோய் என்றால் நிஜமாகவே யோசிக்கவேண்டும். அப்படிப்பட்ட 39 பேருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 50/5 கொடுத்த ஆஸ்பையர் ஆய்வில் 3 பேர் சிகிச்சையின் விளைவால் இறந்தார்கள். நூறில் ஏழெட்டு. தள்ளிவைக்கவும் முடியாது, அசட்டையாக இறங்கவும் முடியாது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசவேண்டிய எண் அது.

குறைவான சிட்டிங் என்றால் செலவும் குறைவா?

அப்படி நினைத்துத்தான் ஒருவர், "காசில்லைனு மூணாக் குறைச்சுட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டார். மூன்று சிட்டிங்குக்குத் திட்டம் போட முப்பதை விட அதிக நேரம் ஆகும், சரிபார்ப்பும் அதிகம். பல இடங்களில் மொத்தமாக ஒரு கட்டணம் வைத்திருப்பார்கள், சிட்டிங் கணக்கு இல்லை. காப்பீட்டு அட்டை இருந்தால் எஸ்.பி.ஆர்.டி. என்ற பெயரிலேயே அனுமதி வந்திருக்கிறதா, பொதுக் கதிர்வீச்சு என்று வந்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அறுவைக்கு உடம்பு தாங்கும் என்றால்?

இப்போதைக்கு அறுவைதான் முதல் வழி. டெக்சாஸில் எம்.டி. ஆண்டர்சன் குழு, அறுவைக்குத் தகுதியான 80 பேருக்கு, 3 செ.மீ.க்குள் இருந்த கட்டிக்கு 54/3 அல்லது 50/4 கொடுத்து, மூன்று ஆண்டில் 91 விழுக்காட்டினர் உயிரோடு இருந்ததாக 2021இல் சொன்னது. நல்ல எண்தான். ஆனால் அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீடு இல்லை. அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால் அவர் கையில் இருக்கும் கருவிதான் சிறந்தது என்று தோன்றும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேஜையில் என்ன நடக்கும்?

முதலில் ஒத்திகை. காற்றை உறிஞ்சினால் இறுகும் மெத்தையில் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கவேண்டும். மெத்தை உங்கள் முதுகின் அச்சாக இறுகிவிடும், ஒவ்வொரு முறையும் அதிலேயே படுப்பீர்கள். பிறகு மூச்சோடு சேர்த்து எடுக்கும் சிடி. அதைத் திரையில் ஓட்டினால் கட்டி ஏறி இறங்குவது தெரியும். நுரையீரலின் கீழ் மடலில், அதாவது கீழ்ப் பகுதியில் இருந்தால் சிலருக்கு ஒன்றரை, இரண்டு செ.மீ. கூட அசையும். அசைவு அதிகமென்றால் வயிற்றை மெல்ல அழுத்தும் பட்டை கட்டுவோம், அல்லது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி அந்த நேரம் மட்டும் கதிரைத் திறப்போம். பிடித்து நிற்க வராதவர்களைத் திட்டமாட்டோம். வராது என்றால் வேறு வழி போட்டுக்கொள்வோம்.

சிகிச்சை நாளில் மேஜையிலேயே ஒரு சிடி எடுத்து, ஒத்திகைப் படத்தின் மேல் பொருத்தி, மில்லிமீட்டர் கணக்கில் மேஜையை நகர்த்துவோம். கதிர் ஓடும் நேரம் சில நிமிடம்தான், மற்றதெல்லாம் சரிபார்ப்பு. வலி இல்லை. தோள்தான் கடுக்கும், வயதானவர்களுக்கு முக்கியமாக. அரைமணி நேரம் கை மேலேயே இருக்கவேண்டும் என்பதால், வீட்டிலேயே ஒரு வாரம் அப்படிப் படுத்துப் பழகிக்கொண்டு வரச் சொல்வேன். தோள்வலிக்காக நடுவில் கையை இறக்கியவருக்கு முழுச் சரிபார்ப்பையும் மறுபடி ஆரம்பித்திருக்கிறோம்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிகிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா?

அவசரப்படாதீர்கள். எஸ்.பி.ஆர்.டி.க்குப் பிறகு அந்த இடத்தில் அழற்சி வந்து, பிறகு தழும்பு கட்டும். கதிர் விழுந்த வடிவத்திலேயே அந்தத் தழும்பு திட்டுத் திட்டாகத் திரளும். பல மாதம், ஒரு வருடம் கழித்தும் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். ஒற்றைப் படத்தைப் பார்த்துப் பயப்படுவதில் பலனில்லை, வரிசையாகப் பல படங்களை வைத்துப் பார்க்கவேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டு, 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சிடி எடுப்பது இதற்காகத்தான். தொடர்ந்து பெரிதாகிக்கொண்டே போனாலோ, ஓரம் திடீரென்று உப்பினாலோ, ஓராண்டுக்குப் பிறகு வளர்ந்தாலோ சந்தேகப்பட்டு பெட் ஸ்கேனும் தேவைப்பட்டால் ஊசிச் சோதனையும் செய்வார்கள்.

வேறு ஊரில் ஸ்கேன் எடுக்கப் போனால், எந்தத் தேதியில், எந்த மடலில், எத்தனை கிரே எத்தனை சிட்டிங்கில் என்ற ஒரு பக்கச் சுருக்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு அந்தத் தாள் தெரியாவிட்டால் தழும்பைப் பார்த்து 'நோய் வளர்ச்சி' என்று எழுதிவிடுவார், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு குடும்பமே மூன்று நாள் சாப்பிடாது. அந்தச் சுருக்கம் சிகிச்சை முடிந்த அன்றே எங்கள் பிரிவில் கேட்டால் கிடைக்கும். கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.